நாழிகை வழி

சென்னை மீனம்பாக்கத்துக்கும் தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 5,300 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு ஜெட் விமானம் எங்கும் நிற்காமல் பறந்தால், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, ஆறரை அல்லது ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இது யாரும் சொல்லி நான் தெரிந்துகொண்டதல்ல. ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில், வேண்டாத வவுச்சர் ஒன்றின் பின்புறத்தில் நானே போட்ட கணக்கு. இரண்டு ஊர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். மீதியெல்லாம் பள்ளிக்கூடக் கோணவியல். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பாங்கில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு, பிறர் எழுதியவற்றைப் பற்றிக் கறாராக எழுதிவரும் ஒருவனுக்கு இந்தக் கணக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கும் அன்று அது தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

எங்கள் கிளை ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருக்கிறது. இந்தப் பிரதேசத்தை இரண்டு விதமாகச் சொல்வது வழக்கம். ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்பார்கள். மூன்றாவது வரலாறு 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததில் தொடங்குகிறது. 1998இல் முதல் சாண்ட்ரோ வெளியே வந்தது. பிறகு செல்போன் வந்தது. 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010க்குப் பிறகு கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வந்தன. இன்று அதிகாலை ஐந்தரை மணிக்கு இந்தச் சாலையில் நின்றால் ஷிஃப்ட் பஸ்கள்தான் ஊர். உள்ளே தலை சாய்த்துத் தூங்கும் பெண்கள். பெட்டிக்கடை வாசலில் ஹிந்தி, ஒடியா, வங்காளம். சில ஓட்டல்களிலும் விடுதிகளிலும் கொரிய எழுத்தில் பலகைகள். வட்டமும் கோடுமாக இருக்கும் அந்த எழுத்துக்களை முதலில் பார்த்தபோது யாரோ ஜன்னல் கதவுகளை வரைந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கொரியர்கள் எங்கள் கவுன்ட்டருக்கு வருவது குறைவு. வரும்போது டிரைவரோ அலுவலக உதவியாளரோ கூட வருவார். அவர்கள் நிற்கும் விதத்தில் ஒரு தயக்கம் உண்டு. அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

தூரத்துக்கு வருகிறேன். அட்லஸில் சென்னைக்கும் இஞ்சியோனுக்கும் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் அது குறுகிய வழி அல்ல. பூமி உருண்டை, அதன் மேல் குறுகிய வழி என்பது ஒரு பெரிய வட்டத்தின் வில். தாளில் விரித்த படத்தில் அந்த வில் வடக்கே வளைந்து, சுற்றிப் போவது போலத் தோன்றும். வங்காள விரிகுடாவைக் கடந்து, பர்மாவின் மேல் ஏறி, சீனத்தின் உட்பகுதியைத் தாண்டி, மஞ்சள் கடலில் இறங்கும். நேராகத் தெரிவது நீளமாகவும், வளைந்து தெரிவது குறுகியதாகவும் இருக்கிறது. இலக்கியத்தில் இதற்குச் சமமான ஒன்றைச் சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் உவமை கிடைத்ததும் சிந்தனை நின்றுவிடுவதை நான் பலரிடம் குறை சொல்லியிருக்கிறேன். அதனால் விட்டுவிடுகிறேன்.

அந்த வில்லின் மேலும் விமானம் அப்படியே போவதில்லை. வான்வழிகள் வகுக்கப்பட்டவை, நாடுகள் அனுமதிக்கும் இடத்தில்தான் வழி. காற்றும் இருக்கிறது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பெருங்காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். ஆகவே போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றே என்றாலும் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றல்ல. போதாததற்குக் கடிகாரம் வேறு. இங்கே காலை ஆறு மணி ஷிஃப்ட் தொடங்கும்போது அங்கே ஒன்பதரை. கிழக்கே போகிறவன் மூன்றரை மணி நேரத்தை இழக்கிறான். திரும்பினால் அது கிடைக்கிறது. ஆனால் இழந்தது எதுவோ அது அல்ல கிடைப்பது.

நான் கண்ணால் பார்த்த பயணச்சீட்டுகளிலெல்லாம் நடுவில் வேறொரு ஊர் இருந்தது. சிங்கப்பூர், பாங்காக், ஹாங்காங், கோலாலம்பூர் என்று ஏதாவது ஒன்று. ஆறரை மணி அங்கே பதின்மூன்று மணியாகும், பதினெட்டாகும். அதற்கு முன்னால் ஒரகடத்திலிருந்து வண்டலூர் வழியாக மீனம்பாக்கம். அதற்குப் பின்னால் இஞ்சியோனிலிருந்து அவரவர் வீடு. இஞ்சியோன் என்று நான் சொல்வது ஊரையல்ல, விமான நிலையத்தை. 2001 மார்ச்சில் திறந்தது. இரண்டு தீவுகளுக்கு நடுவில் கடலைத் தூர்த்துக் கட்டியது. முதல் சாண்ட்ரோ வந்த காலத்துக் கொரியர்கள் புறப்பட்டு வந்தது அங்கிருந்து அல்ல, கிம்போவிலிருந்து. இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தைச் சொல்லும் எண், எந்த மனிதனும் எந்த மனிதனிடமிருந்தும் இருக்கும் தூரத்தைச் சொல்வதில்லை. அது இரண்டு ஓடுபாதைகளைப் பற்றிய செய்தி, அவ்வளவுதான்.

தமிழில் தூரத்தை அளந்த பழைய சொற்களை நினைத்துப் பார்க்கிறேன். கூப்பிடு தூரம் என்று ஒன்று. ஒருவன் குரல் கொடுத்தால் இன்னொருவன் காதில் விழும் தூரம். அந்த அளவைக்கு இரண்டு பேர் வேண்டும். நாழிகை வழி என்று இன்னொன்று. ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிஷம், நடந்தால் போகக்கூடிய தூரம். இதில் தூரமும் நேரமும் பிரிக்கப்படவில்லை. நடக்கிற காலும் உள்ளேயே இருக்கிறது. காதம் எத்தனை நாழிகை வழி என்பதில் ஊருக்கு ஊர், ஏட்டுக்கு ஏடு வித்தியாசம். தர்மபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் நட்டிருந்த ஒரு காதக்கல் கிடைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று கருதுகிறார்கள். நாவற்தாவளம் என்ற ஊருக்கு இருபத்தொன்பது காதம் என்று எழுதி, எழுத்தறியாதவனுக்காகக் கல்லிலேயே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டியிருக்கிறார்கள். இரவில் வருகிறவன்கூட விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். இன்னும் எவ்வளவு போக வேண்டும் என்பதை விரல் நுனிக்குச் சொன்ன அந்தக் கல்தச்சன் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

பிறகு வந்தது வேறு அளவை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில், நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் ஆதாரக் கோட்டை அளந்தார். அதற்கு ஐம்பத்தேழு நாட்கள் ஆயின. இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக வெட்டி அளந்த பெரும் சர்வே அந்தக் கோட்டில் தொடங்குகிறது. இன்றைய மீனம்பாக்கம் ஓடுபாதைக்கு மிக அருகிலேயே அது நடந்தது. அன்றைக்கு அந்த ஏழரை மைலுக்கு ஐம்பத்தேழு நாள். இன்றைக்கு ஒரு விமானம் அதைக் கடக்க ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கீழே. இரண்டிலும் நடக்கிற கால் இல்லை என்பது ஒற்றுமை.

தூரத்தைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது. அது நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தது: ஒற்றுமை கண்டுபிடிப்பது. கொரிய மொழியிலும் அம்மா, அப்பா. அங்கேயும் நாள் என்றால் நாள், புல் என்றால் புல். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் ஒப்பிலக்கணம் எழுதி வெளியிட்டார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. அம்மாவும் அப்பாவும் குழந்தை வாயில் எளிதில் வரும் ஒலிகள் என்பதால் உலகத்தில் பல மொழிகளில் இருக்கின்றன. ஆனாலும் கொரிய ராணி ஒருத்தி தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவள் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கிறது. இந்தக் கைதட்டல் எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும். அந்நியனை அந்நியனாக ஏற்றுக்கொள்ள முடியாத மனம்தான் அவனை உறவுக்காரனாக்கிக்கொள்கிறது. நமது கவிதையிலும் இந்த வியாதி உண்டு. ஒரு பொருளை அதன் இடத்தில் விட்டுவைத்துப் பார்க்கும் பொறுமை இல்லாதவன்தான் அதை உடனே இன்னொன்று போல என்கிறான். இதை நான் முன்பும் எழுதியிருக்கிறேன். இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்படிப்பட்ட அபிப்பிராயங்களோடு உட்கார்ந்திருந்த என்னிடம்தான் அந்தக் கொரியர் வந்தார்.

மதியம் மூன்று மணி இருக்கும். ஐம்பது வயதை நெருங்குகிறவர். கூட வந்த டிரைவர் பையன்தான் பேசினான்: "சார், சாருக்குப் பணம் எடுக்க முடியல. கேஒய்சி புதுப்பிக்கலைன்னு அக்கவுன்ட் நின்னுபோச்சு. அவங்க அப்பா தவறிட்டாரு சார். ராத்திரி ஃப்ளைட்டுக்குக் கிளம்பணும்." பாஸ்போர்ட், விசாப் பிரதி, தங்குமிடச் சான்று எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். படிவத்தை நிரப்பி, அதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி, இருபது நிமிஷத்தில் முடிந்தது. வழக்கமாக மூன்று நாள் ஆகிற வேலை. அவர் காத்திருந்த நேரம் முழுக்க நின்றுகொண்டேயிருந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் மூன்று விரலைக் காட்டி, "த்ரீ டேஸ்" என்றார். நான் கேட்டது புரியவில்லை என்று நினைத்தேன். டிரைவர் சொன்னான்: "மூணு நாள் வெச்சிருப்பாங்களாம் சார். மூணாம் நாள்தான் எடுப்பாங்களாம். அதுக்குள்ள போயிடணும்னு சொல்றாரு."

அவர் போன பிறகு, மறுநாள் மதியம், அந்த வவுச்சரின் பின்புறத்தில் கணக்குப் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். நன்றி சொல்ல மட்டும் வந்தார் என்று பிறகுதான் புரிந்தது. சிங்கப்பூரில் ஆறு மணி நேரக் காத்திருப்பு. இஞ்சியோனில் இறங்கித் தெற்கே பஸ்ஸில் நாலு மணி நேரம். இரண்டாம் நாள் ராத்திரி போய்ச் சேர்ந்திருக்கிறார். இதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்திலும் கை விரல்களிலும் சொன்னார். கடைசியில், ஆங்கிலம் போதாமல், "அப்பா" என்றார். எங்கள் ஊரில் சொல்கிற அதே உச்சரிப்பு அல்ல; ப்-ஐ இன்னும் அழுத்தி, ஏதோ கதவைத் தட்டுகிறது போல. அந்தச் சொல்லைப் பற்றி எனக்கிருந்த மொழியியல் அறிவு முழுவதும் அந்தச் சமயத்தில் என்னிடம் இருந்தது. அது சரியான அறிவுதான். ஆனால் எனக்கு அது உதவவில்லை.

ஏனென்றால் என் அப்பா இறந்தது எண்பது கிலோமீட்டர் தூரத்தில். நான் போய்ச் சேரவில்லை.

எங்கள் ஊர் செய்யாறு பக்கம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிபுரம் ஒரு பஸ், அங்கிருந்து செய்யாறு ஒரு பஸ், பிறகு டவுன் பஸ். இரண்டரை மணி நேரம். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்ச் 31. காலை பதினொன்றேகாலுக்குச் சித்தப்பா போன் செய்தார்: "டேய், அப்பாவுக்கு மூச்சு வாங்குது. ஒடனே கெளம்பி வா." பாங்கில் மார்ச் 31 எப்படிப்பட்ட நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதோடு பணப்பெட்டகத்தின் இரண்டு சாவிகளில் ஒன்று அன்று என்னிடம் இருந்தது. சாவி இருக்கும்போது எப்படிக் கிளம்புவது? இந்தக் காரணத்தை இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

சாவியை இன்னொருவரிடம் ஒப்படைக்க ஒரு பதிவேடு இருக்கிறது. பணத்தை எண்ணிச் சரிபார்த்து, இரண்டு கையெழுத்து. அரை மணி நேர வேலை. மானேஜர் நல்ல மனிதர். கேட்டிருந்தால் அவரே போகச் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

அப்பாவோடு நான் இரண்டு வருஷமாகச் சரியாகப் பேசியிருக்கவில்லை. இரண்டு ஏக்கரை ஒரு தரகரிடம் விற்றுவிட்டார். செய்யாறிலும் சிப்காட் வந்த பிறகு தரகர்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்தார்கள். நிலம் என்பது என்ன, விற்பது என்பது என்ன என்றெல்லாம் நான் அவருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினேன். நல்ல நடையில் எழுதிய கடிதம். அவர் அதை இரண்டு முறை படித்ததாக அம்மா சொன்னாள். பதில் எழுதவில்லை. மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு, நிலத்தை விற்றவர்களின் பணத்தை அதே சாலையில் டெபாசிட்டாக வாங்கிப் போட்டுக்கொண்டு, மழை பொய்த்த வருஷத்தில் ஒருவர் செய்ததற்கு விமர்சனம் எழுதியவன் நான். அவருடைய மருத்துவச் செலவுக்கு அந்தப் பணம்தான் போயிற்று என்பது பிறகு தெரிந்தது.

ஒன்றரை மணிக்கு அவர் போய்விட்டார். இரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தான். "எங்கடா இருக்கே?" என்றான். "கெளம்பிட்டேண்ணா, வந்துக்கிட்டிருக்கேன்" என்றேன். கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். எதிரே ஒருவர் சலானை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்கி முத்திரை குத்தினேன்.

அவர்கள் நம்பினார்கள். இரண்டரை மணி நேரம் என்று கணக்குப் போட்டு நாலரைக்கு எதிர்பார்த்தார்கள். ஐந்துக்குப் பார்த்தார்கள். கோடை தொடங்கிவிட்ட நாள். ஐஸ் பெட்டி கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் எடுக்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்ல, ஆறு மணிக்கு எடுத்துவிட்டார்கள். நான் ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி எட்டரைக்குப் போய் இறங்கினேன். வாசலில் பந்தல் இருந்தது, விளக்கு இருந்தது, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பஸ் கிடைக்கவில்லை என்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும், "சாப்பிட்டியா?" என்றாள்.

அந்தக் கொரியரின் 5,300 கிலோமீட்டரையும் என் எண்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு முடிவுக்கு வருவது சுலபம். அன்புக்குத் தூரமில்லை என்று சொல்லலாம். சினிமாப் பாட்டில் சொல்வார்கள். அது பொய். அவருக்குத் தூரம் இருந்தது, அதை அவர் ஒவ்வொரு மணி நேரமாகக் கடந்தார். எனக்கும் இருந்தது. நான் அதை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டேன். எனக்கு அந்த எண்பது கிலோமீட்டர் வேண்டியிருந்தது. பஸ்ஸும் சாவியும் மார்ச் 31ம் அதற்குத் துணையாக இருந்தன. தூரம் ஓர் இயற்கைப் பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி தூரம் நாம் செய்வது.

பாதிதான். மீதிப் பாதியை மறந்துவிடவும் கூடாது. நான் ஊருக்குப் போகும் வழியில், காஞ்சிபுரத்துக்கு முன்னால் வடக்கே பிரிந்தால், பரந்தூர். சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட கிராமங்களின் நிலம். அதில் வயலும் உண்டு, ஏரியும் உண்டு. ஏகனாபுரத்தில் பகல் வேலையை முடித்துவிட்டு மாலையில் கூடி, வருஷக்கணக்காகப் போராடினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். இஞ்சியோனுக்குக் கடலைத் தூர்த்தார்கள், இங்கே ஏரி. எங்கோ இரண்டு ஊர்களுக்கு நடுவிலுள்ள நேரத்தைக் குறைக்க, நடுவில் உள்ள ஓர் ஊரே போக வேண்டியிருக்கிறது. ஓடுபாதை வந்த பிறகு ஏகனாபுரத்திலிருந்து ஏகனாபுரத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை எந்தக் கோணவியலும் சொல்லாது.

அப்பாவின் இரண்டு ஏக்கர் இப்போது வேலி போட்டுக் கிடக்கிறது. எதுவும் கட்டவில்லை. போன தடவை போனபோது அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். அன்று இரண்டு மணிக்கு நான் பாங்கில்தான் இருந்தேன் என்றேன். அவன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "தெரியும்டா" என்றான். "பின்னாடி ஒருத்தர் டோக்கன் நம்பரைக் கேட்டுக்கிட்டிருந்தது காதுல விழுந்துச்சு. அப்பவும் ஆறு மணி வரைக்கும் வெச்சுக்கிட்டுத்தான் இருந்தோம்."